கிண்டியில் ஒரு பந்தயம்

கிண்டி என்றால் நம் பாட்டனார் காலத்தில் குதிரைப் பந்தயம் என்றே பொருள். 1777-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட மைதானம் அது. குதிரைகள் ஓடின, மனிதர்கள் பணத்தைத் தோற்றார்கள். 2024 செப்டம்பரில் அரசாங்கம் குத்தகையை ரத்துச் செய்து, 160 ஏக்கர் நிலத்தையும் பூட்டி முத்திரை வைத்தது. அதற்கு வெகு காலம் முன்னரே கிண்டியில் வேறொரு பந்தயம் ஆரம்பமாகி விட்டது. அதில் ஓடுகிறவர்கள் பதினேழு வயதுப் பிள்ளைகள். பணம் கட்டுகிறவர்கள் அவர்களைப் பெற்றவர்கள். எல்லைக் கம்பம் சர்தார் பட்டேல் சாலையில், அண்ணா சர்வகலாசாலை வாசலில் நாட்டப்பட்டிருக்கிறது.

நாம் இருபது வருஷமாகப் பௌதிகம் கற்பித்து வருகிறோம். எனவே இந்தப் பந்தயத்தின் கணக்கு நமக்கு மனப்பாடம். பிளஸ் டூ பரீக்ஷையில் கணிதத்தில் வாங்கிய மார்க்கை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். பௌதிகத்தையும் ரசாயனத்தையும் பாதிப் பாதியாக்கி அதனுடன் கூட்ட வேண்டும். மொத்தம் 200. இதற்குக் 'கட்-ஆஃப்' என்று பெயர். பௌதிகத்தில் ஒரு மார்க் குறைந்தால் இங்கே அரை மார்க் போயிற்று. அந்த அரை மார்க்கிற்குள் எத்தனையோ பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இருவர் சமமாக வந்துவிட்டால் முதலில் கணித மார்க்கைப் பார்க்கிறார்கள், பிறகு பௌதிகம், பிறகு மற்றவை. எல்லாமே சமமாயிருந்தால், விண்ணப்பம் போட்ட பிறகு கம்ப்யூட்டர் தன்னிஷ்டமாகக் கொடுத்த பத்து இலக்க எண் ஒன்று தீர்ப்புச் சொல்கிறது. சோழர் காலத்துக் குடவோலை முறையைப் பாடமாகப் படித்த பிள்ளைகள், அதன் பேரனை இப்படி நேரில் தரிசிக்கிறார்கள்.

முறை கெட்டது என்று சொல்ல நாம் வரவில்லை. இதற்கு முன்பிருந்த நுழைவுத் தேர்வு 1984-ல் வந்து, 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஒழிந்தது. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு அது பெரிய நிம்மதி. 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை கிடைத்தது. 2021-ல் அரசாங்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்று நூற்றுக்கு ஏழரை இடம் இஞ்சினீயரிங் படிப்பிலும் ஒதுக்கப்பட்டது. தறி நெய்கிறவர் வீட்டிலும், கூலிக்கு நாற்று நடுகிறவர் வீட்டிலும் இஞ்சினீயர் உண்டாகியிருக்கிறார் என்றால், இந்தக் கணக்கு வழியாகத்தான். பெற்றவர்கள் பிள்ளையை நெருக்குகிறார்களே என்று குறை கூறும் பெரிய மனிதர்கள் இதை யோசித்துப் பார்ப்பது நலம். அவர்கள் நெருக்குவது ஆசையினால் மட்டுமா? கரை ஏற அந்த ஒரு படிதான் கண்ணுக்குத் தெரிகிறது.

1997 முதல் 2017 வரையில், ஒற்றைச் சாளர முறையென்று, மாணாக்கர் நேரிலேயே கிண்டிக்கு வந்து இடம் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். திருநெல்வேலியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்திறங்கி, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு, மரத்தடியில் கட்டுச்சோற்றை அவிழ்ப்பார்கள். தகப்பனார் மடியில் சான்றிதழ் உறை. தாயார் கையில் தண்ணீர்ப் பாட்டில். பாங்கிக்காரர்கள் மேஜை போட்டுக் கல்விக் கடன் விவரம் சொல்லுவார்கள். வெளிவாசலில் தனியார் கல்லூரிகளின் துண்டுப் பிரசுரங்கள் காலடியில் கிடக்கும். உள்ளே பெரிய திரையில், எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் பாக்கி என்று எண்கள் குறைந்துகொண்டே வரும். பக்கத்திலிருந்த ஒருவர் தம் மகளிடம், "அம்மா, அந்த ஏழு ஆறாகிவிட்டதே!" என்று கூறியது இன்னும் நம் காதில் இருக்கிறது. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2018-லிருந்து இதெல்லாம் இணையத்தின் வழியே நடைபெறுகிறது. பஸ் செலவு மிச்சம். ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கவலைப்பட்டது போய், இப்போது வீட்டு மூலையில் தனியே கவலைப்பட வேண்டியிருக்கிறது. முன்னூறு கல்லூரிப் பெயரை வரிசைப்படுத்தச் சொன்னால், அவற்றில் ஒன்றைக்கூடக் கண்ணால் பாராத பிள்ளை என்ன செய்வான்? இணையக் கடைக்காரர் போட்டுக் கொடுத்த வரிசையே அவன் தலையெழுத்தாகிறது.

இத்தனை பாடுபட்டு அடையும் கல்லூரியின் பூர்வோத்தரத்தைச் சற்றுப் பார்ப்போம். கிண்டி இஞ்சினீயரிங் கல்லூரி 1794-ல் கோட்டைக்கு அருகில் ஒரு நில அளவைப் பள்ளிக்கூடமாகப் பிறந்தது. தொடங்கியவர் மைக்கேல் டாப்பிங் என்ற ஆங்கிலேயர். மாணாக்கர் எட்டே பேர். கும்பினியார் நிலத்தை அளந்து வரி போட வேண்டியிருந்தது, அளக்க ஆள் தேவைப்பட்டது, பள்ளிக்கூடம் ஏற்பட்டது. 1859-ல் அது சிவில் இஞ்சினீயரிங் கல்லூரியாக வளர்ந்தபோதும், சாலையும் பாலமும் வாய்க்காலும் போட மராமத்து இலாகாவுக்கு ஆட்கள் வேண்டியிருந்ததே காரணம். 1920-ல் கிண்டிக்குக் குடிபுகுந்தது. அன்னியர் தம் காரியத்துக்காகச் செய்தது என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் அங்கே வேலை முன்னால் இருந்தது, படிப்பு பின்னால் வந்தது.

பிற்பாடு இந்த வரிசை புரண்டு போயிற்று. 1984-ல் சுயநிதிக் கல்லூரிகளுக்கு வாசல் திறந்தார்கள். ஒரு சமயம் தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட இஞ்சினீயரிங் கல்லூரிகள் இருந்தன. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வேப்பமரத்தை எண்ணுவதை விட்டுக் கல்லூரியை எண்ணத் தொடங்கினார்கள். 2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறந்த பிறகு, கம்ப்யூட்டர் உத்தியோகம் ஊருக்கு ஊர் கதையாகப் பரவிற்று. கட்டடம் படித்தவனும் யந்திரம் படித்தவனும் அங்கேயே போய் உட்கார்ந்தார்கள். சில வருஷம் அது எல்லோரையும் ஏற்றுக்கொண்டது. பிறகு ஏற்பதும் தள்ளுவதுமாயிற்று. 2024-ல் ஒரு பிரிவில் இத்தனை பேர்தான் என்றிருந்த உச்சவரம்பையும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்ஸில் எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் பிரிவில் இடம் பெருகுகிறது; சிவில், மெக்கானிக்கல் பெஞ்சுகள் காலியாகின்றன. 2010-ல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழிலேயே படிக்கலாமென்று அண்ணா சர்வகலாசாலை வகை செய்தது. தமிழபிமானிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் அதில் சேர்ந்த பிள்ளைகளிடம் ஊரார் கேட்ட கேள்வி, "கம்பெனிக்காரன் எடுப்பானா?" என்பதே.

உத்தியோகம் எங்கே என்று தேடினால், படிப்புக்குச் சம்பந்தமில்லாத வாசலிலும் கூட்டம் நிற்கிறது. 2024 ஜூனில் நடைபெற்ற குரூப் 4 பரீக்ஷைக்கு விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. பிறகு அதைக் கூட்டினார்கள். பத்தாவது படித்திருந்தால் போதுமென்ற பரீக்ஷை அது. எழுதியவர்களில் இஞ்சினீயர்கள் உண்டு என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததென்று எண்ண வேண்டாம். சீன தேசத்தைப் பாருங்கள். பரீக்ஷை எழுதி உத்தியோகம் பெறுவதென்பதை ஆயிரத்து முன்னூறு வருஷம் நடத்திக் காட்டியவர்கள் அவர்கள். 1905-ல்தான் அந்த ராஜாங்கப் பரீக்ஷை எடுபட்டது. இப்பொழுது அந்த இடத்தில் 'காவ்காவ்' என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வு இருக்கிறது. 2024-ல் அதற்குப் பெயர் கொடுத்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அவ்வளவு பாடுபட்டும், 2023 ஜூனில் அங்கே பட்டணத்து இளைஞர்களில், 16 முதல் 24 வயதுக்குள், வேலை தேடியும் கிடைக்காதவர்கள் நூற்றுக்கு 21.3 என்று அவர்கள் அரசாங்கமே வெளியிட்டது. அதற்குப் பிறகு சில மாதம் அந்தக் கணக்கை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். மறு ஜனவரியில் திரும்ப வந்த கணக்கில் மாணாக்கரைச் சேர்க்கவில்லை.

அந்த வருஷம் சீனத்து இளைஞர்களிடையே ஒரு பழைய கதாபாத்திரம் உயிர்பெற்று எழுந்தான். லூ சுன் என்ற ஆசிரியர் 1919-ல் வெளியிட்ட கதையில் வரும் குங் யிஜி. பரீக்ஷையில் தேறாதவன், ஆயினும் படித்தவர் அணியும் நீண்ட அங்கியைக் கழற்ற மனமில்லாதவன். கூலிக்காரர்களோடு நின்று குடிப்பான். உடுப்பு மட்டும் பண்டிதர் உடுப்பு. "எங்கள் பட்டமும் அந்த அங்கிதான். போட்டுக்கொண்டு உட்காரவும் இடமில்லை, கழற்றிப் போடவும் முடியவில்லை" என்ற கருத்தில் இளைஞர்கள் எழுதித் தள்ளினார்கள். அங்கியைக் கழற்றிவிட்டு வேலையைப் பாருங்கள் என்று அரசாங்கத் தொலைக்காட்சி புத்தி சொல்லப்போக, அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டது. புத்தி சொல்வது சுலபம். அங்கி தைக்கக் கடன் வாங்கியவன் வீட்டிலல்லவா இருக்கிறான்?

கிண்டிக்குத் திரும்புவோம். அந்தக் கல்லூரியிலிருந்து வந்தவர்களெல்லாம் படித்த வேலையையே பார்த்தார்களா? வர்கீஸ் குரியன் அங்கே மெக்கானிக்கல் படித்தவர். 1949-ல் குஜராத்தில் ஆனந்த் என்ற சிற்றூருக்குப் போய், பாலில் தம் வாழ்நாளைக் கழித்தார். தேசத்துக்கே பால் வார்த்தார். லலிதா அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டாம் வயதில் கணவரை இழந்தவர். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. தகப்பனார் சுப்பா ராவ் கிண்டியிலேயே மின்சாரப் பேராசிரியர். பிரின்ஸிபால் சாக்கோவின் ஆதரவோடு 1940-ஐ ஒட்டி அங்கே சேர்ந்தார். லீலாம்மா ஜார்ஜ், திரேசியா என்னும் இருவரும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று அச்சாகியிருந்ததை அடித்து 'அவள்' என்று கையால் திருத்திக் கொடுத்தார்களாம். ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலையில் ஒரு வருஷம் பயிற்சி பெற்றார். பிறகு பக்ரா நங்கல் அணை வேலையில் மின்சாரப் பகுதியிலும் பங்கெடுத்தார். திரேசியா 1971-ல் கேரளத்தின் தலைமை இஞ்சினீயரானார். அந்தப் பெண்களுக்கு நெருக்கடி இல்லாமலில்லை. ஆனால் பட்டத்துக்கு முன்பே பட்டறை இருந்தது. கையில் எண்ணெய் படிந்த பிறகே சான்றிதழ் வந்தது.

பட்டறை என்றதும், சர்வகலாசாலையிலிருந்து வெகு தூரம் போகாமலே கிண்டித் தொழிற்பேட்டை இருக்கிறது. காமராஜர் முதன்மந்திரியாகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் மந்திரியாகவும் இருந்தபோது 1958-ல் ஏற்பட்டது. தொழிலாளருக்காக உழைத்த திரு.வி.க.வின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பல பழைய ஷெட்டுகள் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. ஆயினும் சந்துகளில் இன்னும் கடைசல் யந்திரத்தின் சத்தம் கேட்கிறது. வேலைவாய்ப்பு இலாகாவின் தலைமைக் காரியாலயமும் அங்கேதான். பட்டதாரிகள் பெயரைப் பதிந்துவிட்டுத் திரும்பும் வழியில், "ஆள் தேவை: டர்னர், ஃபிட்டர்" என்ற பலகைகளைக் கடந்து போகிறார்கள்.

அந்தச் சந்து ஒன்றில் நம்மிடம் படித்த பிள்ளை ஒருவனைச் சென்ற மாதம் சந்தித்தோம். கட்-ஆஃப் 171. ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தான். இரண்டு வருஷம் பரீக்ஷை எழுதினான். தகப்பனார் பஸ் கண்டக்டர். கடன் பாக்கி இருக்கிறது. இப்போது எட்டுப் பேர் வேலை செய்யும் சிறு தொழிற்சாலையில், கம்ப்யூட்டரால் இயங்கும் கடைசல் யந்திரத்தை ஓட்டுகிறான். டீக் கடையில் நின்று பேசினோம்.

"பத்தாவதில் 'இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கொள், அப்புறம் நிம்மதி' என்றார்கள், ஸார். பிளஸ் டூவிலும் அதையே சொன்னார்கள். கல்லூரியில் கடைசி வருஷமும் அதே வார்த்தை. பரீக்ஷைப் பயிற்சி நிலையத்தில் பலகையிலேயே எழுதி மாட்டியிருந்தார்கள்" என்று சிரித்தான். "நான்கு வருஷத்தில் லேத்தை ஆறு தடவை தொட்டிருப்பேன். ரெக்கார்டு நோட்டு மட்டும் அழகாயிருக்கும். இங்கே முதல் வாரம் ஒரு இரும்புத் துண்டை அளவு தப்பிக் கெடுத்தேன். முதலாளி திட்டவில்லை. மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து, 'இன்னொரு தரம் பார்' என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஸார். தப்பாகப் போட்டால் மார்க் போகும் என்றே பழகியவனுக்கு, இன்னொரு தரம் பார்க்கலாம் என்பது புதிதாயிருந்தது."

சம்பளம் எவ்வளவு என்று கேட்டோம். சொன்னான். பெரிய தொகை இல்லை; கம்ப்யூட்டர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த அவன் சிநேகிதனுக்கு அவனைவிட அதிகம். அந்தச் சிநேகிதன் ஆறு மாதமாக, எப்போது அனுப்பிவிடுவார்களோ என்று தூங்காமலிருக்கிறானாம்.

முதலாளிக்கு வரைபடம் படிக்கத் தெரிந்த ஆள் இன்னும் இரண்டு பேர் வேண்டுமாம். கல்லூரித் தோழர்களுக்குச் சொல்லிப் பார்த்தான். ஒருவன், "லேத் ஓட்டவா பி.ஈ. படித்தோம்?" என்றான். இன்னொருவன் வர ஆசைப்பட்டான். வீட்டில் அக்காவின் கல்யாணப் பேச்சு நடக்கிறது, தம்பி பட்டறையில் இருக்கிறான் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்களென்று தாயார் தடுத்துவிட்டார்.

"உங்கள் வீட்டில்?" என்றோம்.

அவன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த எண்ணெய்க் கறையைக் கந்தல் துணியால் துடைத்தான். "அம்மாவிடம் டிசைன் இஞ்சினீயர் என்று சொல்லியிருக்கிறேன், ஸார். முழுப் பொய்யில்லை. வாரத்தில் இரண்டு நாள் டிராயிங்கும் போடுகிறேன்" என்றான். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டான்.