மோட்டார் வண்டியின் நீர்ப் பம்பு

டில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 டிகிரியைத் தொடுவது அரிதன்று. யமுனையின் கிழக்கே மயூர் விஹாரிலிருந்து நிஜாமுதீன் பாலத்தைக் கடந்து நகருக்குள் செல்லும் வண்டிகள், நெரிசல் வேளையில் ஊர்ந்தே செல்கின்றன. அப்போது ரேடியேட்டரில் எதிர்க்காற்று மோதுவதில்லை. இஞ்சின் மெதுவாகச் சுழல்வதால், பெல்ட்டால் இயங்கும் நீர்ப் பம்பும் மெதுவாகவே சுழல்கிறது. பழுதுற்ற பம்பு தன் குறையைக் காட்டுவது இவ்வேளையிலேதான்.

பம்பின் அமைப்பு எளியது. தண்டின் ஒரு முனையில் கப்பி, மறுமுனையில் நீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம், இடையே பேரிங்கும் சீலும் உள்ளன. பழைய பெட்ரோல் அம்பாஸடரில் விசிறியும் இத்தண்டிலேயே பொருத்தப்பட்டிருந்தது. பெல்ட் அறுந்தால் நீரோட்டமும் காற்றும் ஒருங்கே நின்றன.

சீல் தேய்ந்தால் பம்பின் அடியிலுள்ள சிறு துளை வழியே நீர் சொட்டும். அதனை அடைத்துவிட்டு நிம்மதி கொள்வோரும் உண்டு! கசியும் நீர் பேரிங்கை அடைந்து கெடுக்காதிருக்கவே அத்துளை அமைந்துள்ளது. கப்பியை அசைக்கையில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டதென அறியலாம். இந்நிலையிலும் வண்டியை ஓட்டிச் சென்றால், மிகுவெப்பத்தால் அலுமினிய சிலிண்டர் ஹெட் கோணிவிடக்கூடும். அச்செலவு பம்பின் விலையினும் பன்மடங்காகும்.

பம்பை மாற்றுமுன் இஞ்சின் முற்றும் ஆறவேண்டும். வளிமண்டலத்தைப்போல் இருமடங்கு அழுத்தத்தில் நீர் ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கும்; சூடாயிருக்கையில் மூடியைத் திறந்தால் அது பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். பழைய காஸ்கெட்டை எச்சமின்றிச் சுரண்டியெடுத்துப் புதியதைப் பொருத்துதல் வேண்டும். டைமிங் பெல்ட்டால் இயங்கும் பம்பாயின் அப்பெல்ட்டையும் உடன் மாற்றுதல் சிக்கனம். உப்பு மிகுந்த குழாய்க்கிணற்று நீரை விடுத்து, காய்ச்சி வடித்த நீருடன் கூலண்ட் கலந்து நிரப்பி, காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை இஞ்சினை ஓடவிடுதல் வேண்டும்.