மொட்டைமாடியில் ஒரு நட்சத்திர வேட்டை

“அக்கா, நடக்காதே! ஆடுது!”

ஏப்ரல் மாதத்தில் இரவு 11 மணிக்கு மேல் எங்கள் மந்தைவெளி வீட்டு மொட்டைமாடிக்குப் போனால் தம்பியிடம் இந்த அதட்டல் நிச்சயம். டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டி நட்சத்திரங்களைப் படம் பிடிப்பது அவன் பைத்தியம்.

பூமி சுற்றுவதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நிலா தன் அகலம் அளவுக்கு நகர 2 நிமிடம் போதும். தம்பியின் 1000 மி.மீ. டெலஸ்கோப்பில் ஒரு நட்சத்திரம் ஒரே விநாடியில் பத்துப் பன்னிரண்டு பிக்சல் தாண்டிவிடும். மோட்டார் வைத்த ஸ்டாண்ட் பின்னாலேயே துரத்தும். ஆனால் பல்சக்கரம் லேசாகத் தடுமாறும். அதனால் இரண்டாவது கேமரா ஒன்று ஒரு நட்சத்திரத்தையே உற்றுப் பார்த்து, அது விலகினால் மோட்டாருக்குச் சொல்ல வேண்டும். இதுதான் கைடிங்.

வழக்கமாக இதற்கு முதுகில் ஒரு குட்டி டெலஸ்கோப்பைக் கட்டுவார்கள். பெரியது சாயச் சாய, குட்டி மயிரிழை தொய்ந்தாலும் போச்சு. கைடு கேமராவில் எல்லாம் சரியாகத் தெரியும், படத்திலோ நட்சத்திரம் கோடு கோடாக இழுத்திருக்கும்! ஆறு மாதம் இப்படியே போனது.

இரண்டு கேமராவும் ஒரே குழாய் வழியாகப் பார்த்தால்? ரெடிமேடு கருவியின் விலையைப் பார்த்தவன், தானே செய்ய உட்கார்ந்துவிட்டான்.

தி.நகர் நகைக்கடைகளில் முன்பு ஹாலோஜன் விளக்குகள் ஜொலிக்குமே? அவற்றின் கிண்ணம் போன்ற கண்ணாடி, வெளிச்சத்தை நகை மேல் திருப்பிவிட்டு, சூட்டின் பெரும்பகுதியைப் பின்பக்கம் வெளியேற்றிவிடும். ‘கோல்டு மிரர்’ என்பார்கள். அதே தத்துவத்தில் தட்டையான ஒரு துண்டு வாங்கி, ‘டி’ வடிவ அலுமினியப் பெட்டிக்குள் 45 டிகிரி சாய்வில் பொருத்தினான். கண்ணுக்குத் தெரியும் ஒளி பக்கவாட்டில் திரும்பி முக்கிய கேமராவுக்குப் போகிறது. தெரியாத அகச்சிவப்பு ஒளி கண்ணாடியை ஊடுருவி நேராகக் கைடு கேமராவுக்கு. நெபுலாக்களில் ஹைட்ரஜன் விடும் சிவப்பு 656 நானோமீட்டர். கண்ணாடி சுமார் 700க்கு மேல்தான் ஊடுருவ விடுகிறது என்பதால் அது படத்தில் தப்பிவிடும்.

முதல் முயற்சி சொதப்பல். ஸ்க்ரூவை இறுக்கியதில் கண்ணாடி வளைந்து, நட்சத்திரங்களெல்லாம் முட்டை! மூன்று இடத்தில் மட்டும் சிலிக்கான் பசை வைத்து, இறுக்காமல் உட்கார வைத்த பிறகுதான் வட்டமாயின. சாய்ந்த கண்ணாடியைத் தாண்டி வருவதால் கைடு கேமராவில் நட்சத்திரம் சிலுவை மாதிரி தெரிகிறது. பரவாயில்லை, மென்பொருளுக்கு அதன் நடுப்புள்ளி கிடைத்தால் போதும்.

சென்னைக்கே உரிய இன்னொரு தலைவலி துருவ நட்சத்திரம். ஸ்டாண்டின் அச்சை அதை வைத்துத்தான் சரிசெய்வார்கள். இங்கே அது 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். எங்களுக்கோ எதிர் ஃபிளாட்டின் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது! வேறொரு நட்சத்திரம் வடக்கே நழுவுகிறதா, தெற்கேயா என்று பார்த்துப் பார்த்துத் திருத்துகிறான். மாடி அதிர்வுக்குத்தான் மருந்தில்லை. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வான் ஆய்வகம் கட்டியவர்கள் கருவியைத் தாங்கக் கருங்கல் தூணே நட்டார்கள். வானிலை மைய வளாகத்தில் அது இன்றும் நிற்கிறது. நாங்கள் எங்கே தூண் நட?

போன சனிக்கிழமை தெற்கே, பெசன்ட் நகர் வெளிச்சத்துக்கு மேலே, ஒமேகா சென்டாரியைக் குறிவைத்தான். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்களின் கூட்டம். லண்டன்காரர்களுக்கு அடிவானத்துக்கு மேலே வராது. நமக்கு 30 டிகிரி வரை ஏறும். ஒரு நிமிடப் படங்கள் 60 எடுத்து அடுக்கினான். ஒன்றில்கூடக் கோடு இல்லை!

காலையில் காபியோடு அம்மா செல்போனை வாங்கிப் பார்த்தார்.

“என்னடா இது, கோலமாவைக் கொட்டினாப்பல இருக்கு!”