சுவரொட்டிக்குச் சொல்லி வைத்தவர்கள்

நாராயணவனத்தில் ஒரே நோய்க்கு இரண்டு பெயர். தமிழ் வீட்டில் ‘நரம்புத் தளர்ச்சி’, பக்கத்துத் தெலுங்கு வாசலில் ‘நரால பலஹீனத’. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வட ஆர்க்காட்டில் இருந்த ஊர். இப்போது திருப்பதி மாவட்டம். மாவட்டம் மாறினாலும் மருந்து மாறவில்லை: ஆட்டுக்கால் சூப்பு.

அன்றைக்கு அது ஒரு இரவு வேலை. ஆட்டுக்காலை நெருப்பில் வாட்டி, மயிர் சுரண்டி, மஞ்சள் பூசிக் கழுவி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு மண்சட்டியில் ஏற்றினால் விடியும்வரை கணகணப்பில் கிடக்கும். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர். கை நடுக்கம், தூக்கமின்மை, சோர்வு, காரணம் தெரியாத பயம் எல்லாவற்றுக்கும் இதுதான். பக்கத்துப் புத்தூரில் எலும்புக் கட்டு போட்டுத் திரும்பியவருக்கும் இதேதான். கல்யாண வெங்கடேசர் ஊர் அல்லவா, புரட்டாசியில் மட்டும் விரத வீட்டு அடுப்பில் கால் வேகாது. ஐப்பசி பிறக்கக் காத்திருக்க வேண்டும்.

காலுக்குக் கால், நெஞ்சுச் சளிக்கு நெஞ்செலும்பு, மூளைச் சோர்வுக்கு மூளை என்பது கணக்கு. சோகை பிடித்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் சுவரொட்டி, அதாவது ஆட்டின் மண்ணீரல். தணலில் சுட்டு உப்பும் மிளகும் தூவித் தருவார்கள். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் கறிக்கடையில் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் பாதி தப்பு. சூப்பு ஆறியதும் கூழாக உறைவதைப் பார்த்து ‘சத்து’ என்றார்கள். அது எலும்பும் தோலும் விட்ட ஜெலட்டின். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இல்லாத அரைகுறைப் புரதம் அது. உண்மையான சரக்கு இருந்தது கல்லீரலில். 1926இல் பாஸ்டனில் மைனாட்டும் மர்ஃபியும் கொல்லும் சோகை ஒன்றை, தினமும் ஈரல் ஊட்டியே மாற்றிக் காட்டினார்கள். 1934இல் நோபல் பரிசு. ஈரலில் இருந்தது என்ன என்பது 1948இல் பிடிபட்டது: வைட்டமின் பி12. அது குறைந்தால் நரம்பின் உறை கெட்டு, கால் மரத்து, நினைவு தடுமாறும். நமக்குத் தினமும் வேண்டியது இரண்டரை மைக்ரோகிராம் அளவுதான். அதை ஒரு சின்னத் துண்டு ஈரலே தந்துவிடும்.

மற்ற பாதியை மருந்துக் கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. சூப்பு குடிப்பவரை வீடு வேலைக்கு அனுப்பாது. ஒரு மண்டலம், 48 நாள்: தறியில் உட்கார மாட்டார், வெயிலில் போக மாட்டார், கடன்காரன் வந்தாலும் ‘உடம்பு சரியில்லை’ என்று திண்ணையிலேயே திருப்பி அனுப்புவார்கள். அமெரிக்காவில் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1870களில் நரம்புச் சோர்வுக்குப் பாலும் இறைச்சியும் ஊட்டி, ஆறிலிருந்து எட்டு வாரம் படுக்க வைத்ததும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான். அங்கே பெண்களுக்கு அந்தப் படுக்கை சிறையானது. இங்கே பிரசவம் தவிர வேறெதற்கும் பெண்ணுக்குப் படுக்கை விரிக்கவில்லை. சூப்புச் சட்டியோடு விடியவிடியக் கண்விழித்தவள் அவள்தான்.

இன்று? கால் எரிகிறது, மரக்கிறது என்று போனால் முதலில் பி12 அளவைப் பார்க்கச் சொல்கிறார்கள். சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு அது குறைவது சகஜம், சைவர்களுக்கும் அப்படியே. நாலைந்து ஊசி, பிறகு மாத்திரை. கை நடுங்கினால் தைராய்டு, பயந்தால் மனநல மருத்துவர் என்று பழைய ‘நரம்புத் தளர்ச்சி’ பல துண்டாகப் பிரிந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் ஊசி போட்டவர் பத்து நிமிடத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். அந்த 48 நாளை எந்தச் சீட்டிலும் எழுதித் தருவதில்லை.

ஆட்டுக்கால் சூப்பு சாயங்கால வண்டிக்கடைக்கு வந்து, காகிதக் கோப்பையில் நின்றபடி குடிக்கும் தீனியாகிவிட்டது. சுவரொட்டிக்கு மட்டும் இன்னும் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.