சங்கிலி ரம்பமும் உயிர்க் காப்பும்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயல், தென்னந்தோப்புகளைத் தரைமட்டமாக்கியது. இத்தகைய காலங்களில் வழியை மறித்துக் கிடக்கும் மரங்களை விரைந்து அகற்ற உதவுவது, ‘மரம் அறுக்கும் மிஷின்’ என நாம் வழங்கும் சங்கிலி ரம்பமாகும். மரத்தை அறுக்கும் அதே விரைவில் அது கையையும் காலையும் அறுக்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

இதனால் நேரும் விபத்துகளுள் கொடியது எதிர் உதை. அலகு நுனியின் மேற்பகுதி ஓடும்போது வேறொரு கிளையிலோ கட்டையிலோ பட்டால், அலகு அறுப்பவரின் முகத்தை நோக்கித் துள்ளி எழும். கண்ணிமைக்கும் நேரத்தில் இது நிகழ்வதால் கையால் தடுத்தல் இயலாது. இதற்கெனவே முன் கைப்பிடிக்கு எதிரே காப்புத் தகடு அமைந்துள்ளது. அது முன்னே தள்ளப்பட்டதும் தடை இயங்கிச் சங்கிலி நின்றுவிடும். பின் கைப்பிடியில் உள்ள பூட்டு, உள்ளங்கை அழுத்தினாலன்றி விசையை இயங்க விடாது. அடியிலுள்ள கொக்கி, அறுந்த சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். இடைஞ்சல் என்று கருதி இவற்றுள் எதையும் கழற்றுதல் கூடாது.

இயந்திரத்தைத் தரையில் வைத்து, தடையிட்ட பின்னரே இயக்குக. இரு கைகளாலும் பற்றுக. இடக்கைப் பெருவிரல் முன் கைப்பிடியைச் சுற்றி வளைந்திருத்தல் வேண்டும். அலகிற்கு நேர்கோட்டில் நில்லாது, சற்று இடப்புறம் நிற்க. தோளுக்கு மேல் தூக்கியும், ஏணியில் நின்றும் அறுத்தல் ஆகாது. தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, கெட்டியான காலணி ஆகியன இன்றியமையாதவை. தொங்கும் வேட்டியும் தோள் துண்டும் சங்கிலியில் சிக்கும்.

விழுந்த மரம் வளைந்த வில்லைப் போன்றது. இரு முனைகளும் தாங்கப்பெற்று நடுவில் தொய்ந்த மரத்தை முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பின்னர்க் கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கப்பெற்று மறுமுனை அந்தரத்தில் நிற்குமாயின், முதல் வெட்டு கீழிருந்து, முடிவு மேலிருந்து. முறை மாறினால் அலகு இறுக்கிக்கொள்ளும். மரமும் பிளந்து தெறிக்கும்.

ஊராட்சி மன்றத்தார் ஆள் அமர்த்தும் முன், தகட்டைத் தள்ளியவுடன் ஓடும் சங்கிலி நிற்கின்றதா என்று இயக்கிக் காட்டச் செய்தல் வேண்டும். நில்லாத இயந்திரத்திற்கு வேலை தரலாகாது. தனியே ஒருவரை அனுப்புதலும் தவறு. காயம் நேரின் தூய துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, 108-ஐ அழைத்தல் வேண்டும்.

கூலி ஒரு நாளைக்குரியது; கை கால்கள் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. அவற்றைக் காத்தல் நம் அனைவரின் கடமையாகும்.