நீதிமன்றம் குடியிருக்கும் மனை

பொதுநிலத்தின் கதை – 11

மதுரை மாவட்ட நீதிமன்றம் 1970 வரை திருமலை நாயக்கர் மகாலுக்குள் நடந்தது. இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு தூண்களை அண்ணாந்து பார்க்கிறோமே, அதே கட்டடத்தில்தான் டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட, வாதியும் பிரதிவாதியும் ஓடி வந்து நின்றார்கள். 1636-இல் எழுந்த அரண்மனை அது. சொக்கநாத நாயக்கர் காலத்தில் அதன் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். மிஞ்சியதும் இடிந்து சரிந்துகொண்டிருந்தபோது, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். பழுதுபார்த்த இடத்தில் அரசு அலுவலகங்கள் வந்தன, நீதிமன்றமும் வந்தது.

அரசு ஓர் இடத்தைக் காட்டும், நீதிமன்றம் அங்கே போய் உட்காரும். அந்த ஏற்பாடு மதுரையில் மட்டும் நிலவியதன்று. சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் தொடங்கியபோது அதற்கெனக் கட்டடம் கிடையாது. கடற்கரைச் சாலையில் இருந்த பெண்டிங்க் கட்டடத்தில் முப்பது ஆண்டுகள் நடந்தது. 1892 ஜூலையில்தான் ஹென்றி இர்வின் பொறுப்பில் முடிந்த செங்கல் சிவப்புக் கட்டடத்துக்குள் நுழைந்தது. உச்ச நீதிமன்றத்தின் கதையும் அப்படியே. 1950 ஜனவரியில் பிறந்தது, நாடாளுமன்றக் கட்டடத்தில் சமஸ்தான மன்னர்களின் அவைக்கென இருந்த கூடத்தில் உட்கார்ந்தது. 1954-இல் ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டி, 1958-இல்தான் திலக் மார்க்கில் இன்றுள்ள கட்டடத்துக்குப் போனது. நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் செல்லுமா செல்லாதா என்று சொல்லும் மன்றம், முதல் எட்டு ஆண்டுகள் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே இயங்கியது.

புறம்போக்கு, கண்மாய், மேய்ச்சல் நிலம் என்று இத்தனை வாரம் பார்த்தோம். இந்த வாரம் அந்த நிலங்களைப் பற்றி இறுதித் தீர்ப்பு சொல்லும் இடத்தின் நிலத்தைப் பார்ப்போம். நீதிமன்றத்தின் மனை யாருடையது? கட்டடத்தைக் கட்டுவது யார், கூரை ஒழுகினால் யாரிடம் சொல்ல வேண்டும்? இதற்கு விடை தேட மதுரைக்காரர்கள் அதிக தூரம் போக வேண்டாம். மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி, ஒத்தக்கடைக்கு முன்னால் ஐகோர்ட் ஸ்டாப்பில் இறங்கினால் போதும்.

2004 ஜூலை 24 அன்று அங்கே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. மாநில மறுசீரமைப்புச் சட்டம் 1956-இன் 51-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஆணை பிறப்பித்து அமைந்த நிரந்தரக் கிளை. தென்மாவட்ட வழக்கறிஞர்களும் மக்களும் பல பத்தாண்டுகள் கேட்டுப் பெற்றது. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி தொடங்கி தஞ்சாவூர், திருச்சி, கரூர் வரை 13 மாவட்டங்கள் இதன் எல்லைக்குள் வந்தன. பின்னால் தென்காசி தனி மாவட்டமானதும் அதுவும் சேர்ந்தது. அந்தக் கோரிக்கையின் நியாயம் தூரத்திலேயே இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர், மதுரைக்கு 240-ஐ ஒட்டி. காலை பஸ்ஸில் வந்து, வக்கீலைப் பார்த்து, இரவுக்குள் வீடு திரும்பலாம். ஜாமீனுக்காக அலையும் ஒரு தாய்க்கும், ஓய்வூதியம் நின்றுபோன ஓர் ஆசிரியருக்கும் இந்த 450 கிலோமீட்டர் குறைந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சென்னையில் இருப்பவர்களுக்கு விளக்குவது கடினம். இந்தக் கிளை வந்திருக்க வேண்டும், வந்தது, நல்லது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் நிலத்தின் கதை வேறு. அந்த வளாகம் எழுந்தது உலகனேரிக் கண்மாயில். யானைமலையின் அடிவாரத்தில், வைகைச் சமவெளியின் கண்மாய்ச் சங்கிலியில் ஒன்றாகக் கிடந்த நீர்நிலை அது. மதுரையில் இப்படி நடந்தது இது ஒன்று மட்டுமில்லை. மாநகராட்சியின் அண்ணா மாளிகை நிற்பது தல்லாகுளம் கண்மாயில். பொதுக் கட்டடம் ஏன் கண்மாயைத் தேடிப் போகிறது என்பதற்கு நிர்வாகக் காரணம் தெளிவானது. பட்டா நிலம் என்றால் கையகப்படுத்த வேண்டும், இழப்பீடு தர வேண்டும், இழப்பீடு போதாது என்று பத்து வழக்கு வரும். கண்மாய்ப் புறம்போக்கு அரசின் பெயரிலேயே இருக்கிறது. பரந்த நிலம், நெடுஞ்சாலைக்குப் பக்கம், கேட்க ஆள் இல்லை. ஆயக்கட்டு வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்ட கண்மாய் என்றால் இன்னும் எளிது. தண்ணீர் கேட்டு வழக்குப் போட விவசாயி இருக்கமாட்டார். ஒரு துறையிடமிருந்து இன்னொரு துறைக்கு நில மாற்றம் செய்ய ஓர் ஆணை போதும்.

அந்த ஆணையில் தண்ணீர் போகும் வழி இடம்பெறுவதில்லை. சென்ற வாரங்களில் பார்த்தபடி, நம் கண்மாய் எதுவும் தனியாக இல்லை. மேலே உள்ள கண்மாய் நிறைந்து கலிங்கு வழியே வழிந்தால், அந்தத் தண்ணீர் கீழே உள்ளதற்கு வரத்து. நடுவில் ஒன்றைத் தூர்த்தால், மேலே உள்ளதன் உபரிக்குப் போக்கிடம் இல்லை, கீழே உள்ளதற்கு வரத்து இல்லை. ஐப்பசி மழையில் தெருவில் நிற்கும் தண்ணீர் தன் பழைய இடத்தைத்தான் தேடுகிறது.

நீர்நிலைகளைக் காப்பாற்ற இந்த நாட்டில் மிகக் கடுமையாகப் பேசியது நீதிமன்றங்களே. 2001-இல் உத்தரப் பிரதேசத்துக் குளம் ஒன்றின் வழக்கில், குளத்தை வீட்டுமனையாக ஒதுக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005-இல் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லித் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. தலைமை நீதிபதி மார்க்கண்டேய கட்ஜுவும் நீதிபதி இப்ராகிம் கலிபுல்லாவும் தந்த தீர்ப்பு அது. அதற்குப் பின் 2007-இல் கண்மாய், ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழகம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2011-இல் பஞ்சாப் குளம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சென்னைத் தீர்ப்பை எடுத்துக்காட்டி, கிராமப் பொதுநிலங்களை மீட்க எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. மதுரைக் கிளையிலும் கண்மாய் வழக்குகளுக்குக் குறைவில்லை. மேலூரிலிருந்தும் மானாமதுரையிலிருந்தும் விவசாயிகள் ஆக்கிரமிப்பு மனுவோடு வந்து நிற்பதும் ஒரு கண்மாயின் மேலேதான்.

இதை வைத்து நீதிபதிகளைக் குற்றம் சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் அதைச் செய்யமாட்டேன், ஏனென்றால் பிழை அதைவிட ஆழத்தில் இருக்கிறது. நீதிமன்றத்துக்கு நிலம் என்று சொந்தமாக எதுவும் கிடையாது. அரசியலமைப்பின் 299-ஆம் பிரிவின்படி மாநில அரசின் ஒப்பந்தங்கள் ஆளுநர் பெயரில் போடப்படுகின்றன. கிராம ‘அ’ பதிவேட்டில் நிலம் அரசு நிலமாகவே இருக்கும். 229-ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்தின் நிர்வாகச் செலவை மாநிலத் தொகுப்பு நிதியின் மீது சுமத்துகிறது, ஆகவே சட்டமன்றம் அதை வாக்கெடுத்து வெட்ட முடியாது. சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, புதுக் கட்டடம் கட்ட வேண்டும் என்னும்போது கைகொடுப்பதில்லை. அங்கே ஃபைல்தான் நடக்க வேண்டும்.

அந்த ஃபைல் நடக்கும் வழியைச் சொல்கிறேன். ஒரு தாலுகாவில் புது முன்சீப் கோர்ட் கட்ட வேண்டும் என்றால், மாவட்ட நீதிபதி உயர் நீதிமன்றப் பதிவாளருக்கு எழுதுவார். நீதிபதிகள் கொண்ட கட்டடக் குழு பார்க்கும். அங்கிருந்து தலைமைச் செயலகத்தில் உள்துறைக்குப் போகும். தமிழ்நாட்டில் நீதிமன்றங்களின் ஃபைல்களைக் கையாள்வது உள்துறையின் நீதிமன்றப் பிரிவு. காவல் துறையும் அதே உள்துறையின் கீழ்தான். நிலத்துக்கு வருவாய்த் துறை, மதிப்பீட்டுக்குப் பொதுப்பணித் துறை, பணத்துக்கு நிதித் துறை. அரசாணை வரும், தொழில்நுட்ப அனுமதி வரும், டெண்டர் வரும். எந்தக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாலும் ஃபைல் திரும்பி வரும். அதற்குள் மதிப்பீடு பழையதாகிவிடும், திருத்திய மதிப்பீடு கேட்பார்கள், மறுபடி முதலிலிருந்து. காவல் துறை மீதும் வருவாய்த் துறை மீதும் வரும் வழக்குகளை நடுநிலையோடு விசாரிக்க வேண்டிய மன்றம், தன் கழிப்பறைக்கு அதே அரசிடம் விண்ணப்பித்துக் காத்திருக்கிறது.

கழிப்பறை என்று சும்மா சொல்லவில்லை. 2021 அக்டோபர் 23 அன்று, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளையில் புதுக் கட்டடம் திறந்த விழாவில், அன்றைய இந்தியத் தலைமை நீதிபதி என்.வி. ரமணா புள்ளிவிவரங்களை அடுக்கினார். நீதித்துறை அலுவலர்களுக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 24,280. இருக்கும் நீதிமன்றக் கூடங்கள் 20,143. அதிலும் 620 வாடகைக் கட்டடங்களில். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லாத நீதிமன்ற வளாகங்கள் 26 சதவீதம், ஆண்களுக்கும் இல்லாதவை 16 சதவீதம். சுத்திகரித்த குடிநீர் உள்ளவை 54 சதவீதம்தான். முதலுதவி வசதி இருப்பது வெறும் 5 சதவீதத்தில். அடித்துத் துரத்தப்பட்டு ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண் காலை பத்தரை மணிக்கு வந்து, வழக்கு அழைக்கப்படுவதற்காக மாலை நான்கு மணிவரை காத்திருக்கிறாள். அவளுக்கு ஒதுங்க இடம் இல்லை என்றால், அந்த மன்றத்தின் கதவு அவளுக்குப் பாதிதான் திறந்திருக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு அவள் வராமல் போனால் வழக்குத் தள்ளுபடியாகும். ஏன் வரவில்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

பணம் இல்லாததுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. நீதிமன்றக் கட்டடங்களுக்கென மத்திய அரசின் திட்டம் 1993-94 முதல் நடக்கிறது. இப்போது பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. 2021 முதல் 2026 வரை 9,000 கோடி ரூபாய்க்குத் திட்டம் நீட்டிக்கப்பட்டது. ஆனால் 2019-20-இல் ஒதுக்கிய 981.98 கோடியில் செலவானது 84.9 கோடிதான், அதுவும் ஐந்து மாநிலங்களில் மட்டும். பணம் இருந்தும், தன் பங்கைப் போட மாநிலமும், வேலையை முடித்துக்காட்டப் பொறுப்பான ஓர் அமைப்பும் இல்லை.

இதற்குத்தான் ரமணா தேசிய நீதித்துறைக் கட்டமைப்பு ஆணையம் ஒன்றை முன்மொழிந்தார். சட்டப்பணிகள் ஆணைக்குழு மாதிரியில், தேசிய அளவில் ஒன்று, மாநிலங்களில் ஒன்று. 2022 ஏப்ரல் 30 அன்று டெல்லியில் முதல்வர்களும் தலைமை நீதிபதிகளும் கூடிய மாநாட்டில் இது விவாதத்துக்கு வந்தது. தேசிய அமைப்புக்குச் சில முதல்வர்கள் ஒப்பவில்லை. மாநில அளவில் அமைக்கலாம் என்று பேச்சு முடிந்தது. மாநிலங்களின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது. சாத்தூரில் கோர்ட் எந்தத் தெருவில் வர வேண்டும் என்பதை டெல்லியில் முடிவுசெய்யக் கூடாது. ஆனால் மாநில அளவில் சட்டப்படி ஓர் அமைப்பு வேண்டும், அதன் பெயரில் நிலமும் நிதியும் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மற்ற நாடுகளும் இந்தச் சிக்கலைக் கடந்து வந்தவையே. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1935-இல்தான் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. அதுவரை நெடுங்காலம் நாடாளுமன்றக் கட்டடத்தில் இருந்தது. முன்னாள் குடியரசுத் தலைவரும் பின்னாள் தலைமை நீதிபதியுமான டாஃப்ட் விடாமல் வாதாடி அந்தக் கட்டடத்தைப் பெற்றுத்தந்தார். அங்கேயும் கீழ்நிலைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் பெரும்பாலும் நிர்வாகத்துறையின் பொதுச் சேவை அமைப்பு வைத்திருக்கும் கட்டடங்களில் இருந்து, அதற்கு வாடகை செலுத்துகின்றன. வாடகை கொடுப்பதில் ஒரு நன்மை உண்டு: ஒவ்வொரு கட்டடத்துக்கும் எவ்வளவு பரப்பு, எவ்வளவு பணம் என்ற கணக்கு எழுத்தில் இருக்கும்.

நம்மிடம் அந்த எழுத்துதான் இல்லாமல் இருக்கிறது. 2023 மார்ச் 25 அன்று மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கூடுதல் கட்டடங்களுக்குத் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், முதல்வர் ஸ்டாலின், மத்திய சட்ட அமைச்சர் கிரண் ரிஜிஜு முன்னிலையில் அடிக்கல் நாட்டு விழா நடந்தது. மூன்று தரப்பும் ஒரே மேடையில் இருந்த நாள் அது. அதே மூன்று தரப்பும் உட்கார்ந்து, தமிழ்நாட்டின் ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் ஒரு பதிவேட்டைத் தயாரிக்கலாம். சர்வே எண் என்ன, ‘அ’ பதிவேட்டில் என்ன வகைப்பாடு, முன்பு என்னவாக இருந்தது, சொந்தமா வாடகையா, வாடகை என்றால் எவ்வளவு, கழிப்பறை எத்தனை, சாய்தளம் உண்டா. யாரும் பார்க்கும்படி அதைப் பொதுவில் வைக்கலாம். முதல் பக்கத்தில் மதுரைக் கிளை வரட்டும். அதன் நிலத்தின் பழைய வகைப்பாட்டை மறைக்காமல் எழுதட்டும். கட்டடத்தை இடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது இனி முடியாது, தேவையும் இல்லை. வளாகத்தில் விழும் மழையையும் மேலிருந்து வரும் உபரியையும் எங்கே தேக்குவது, எந்த வாய்க்கால் வழியாக அடுத்த கண்மாய்க்கு விடுவது என்று பொதுப்பணித் துறை வரைபடம் போட்டு, ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் தூர்வாரி, அதன் அறிக்கையை நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யட்டும். கண்மாய் வழக்கோடு வரும் விவசாயிக்கு அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க உரிமை இருக்கட்டும்.

வாடகைக் கட்டடத்தில் நடக்கும் தாலுகா நீதிமன்றங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.