வீட்டிலிருந்தே வினாடி வினா: நல்லபடி நடத்துவது எப்படி?



இலை உதிராத, முஃமினுக்கு உவமையான மரம் எது என்று நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தோழர்களிடம் கேட்டார்கள். எல்லோரும் காட்டு மரங்களை நினைத்துக்கொண்டிருக்க, அது பேரீச்சை என்று இளையவரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்குத் தோன்றியது. பெரியவர்கள் இருந்த சபை என்பதால் வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிட்டார்கள். பிறகு தந்தை உமர் (ரலி) அவர்களிடம் சொன்னபோது, மகன் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர்கள் ஆசைப்பட்ட செய்தி புகாரியில் இருக்கிறது.

விடை தெரிந்தும் பேசாத பிள்ளைகள் நம் ஆலங்குளத்து வீடுகளிலும் உண்டு. பீடி சுற்றியபடியே எல்லாவற்றையும் கேட்டு வைத்திருக்கும் உம்மாமார்களும் உண்டு. மேடையும் மைக்கும் இல்லாத ஆன்லைன் வினாடி வினா அவர்களுக்கு ஏற்றது. வளைகுடாவில் இருக்கும் வாப்பாவும் பிள்ளைகளோடு ஒரே அணியில் சேரலாம்.

நேரம்: சனிக்கிழமை இரவு நல்லது. சவூதியில் வெள்ளி, சனி விடுமுறை. அமீரகத்தில் பெரும்பாலும் சனி, ஞாயிறு. இரண்டுக்கும் பொதுவான நாள் சனிதான். நமக்கு இரவு 9 மணி என்றால் துபாயில் 7.30, ரியாத்தில் 6.30. அங்குள்ள மக்ரிப், இஷா நேரங்களைப் பார்த்துக்கொண்டு மணியை முடிவு செய்யுங்கள். 45 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். இலவச கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம்தான்; இலவச ஜூமில் 40 நிமிடம்தான்.

கேள்விகள்: சுற்றுக்கு 7 வீதம் 3 சுற்றுகள் போதும். முதல் சுற்று எளிதாக இருக்கட்டும். ஒரு கேள்விக்கு ஒரே விடைதான் வர வேண்டும். ‘தென்காசி மாவட்டம் எப்போது உருவானது?’ என்று கேட்டால் சண்டை வரும். அறிவிப்பு வந்தது 2019 ஜூலையில். தொடங்கி வைக்கப்பட்டது நவம்பர் 22இல். ‘எந்த ஆண்டு?’ என்று கேட்டால் சிக்கலில்லை.

யோசித்து விடை காண வழியிருக்க வேண்டும். சிற்றாற்றின் நீளம் எத்தனை கிலோமீட்டர் என்பது மனப்பாடக் கேள்வி. குற்றாலத்தில் அருவியாக விழுந்து, தென்காசி வழியே ஓடும் சிற்றாறு சீவலப்பேரியில் எந்த ஆற்றோடு சேர்கிறது என்று கேட்டால், ஒரு சிறுபிள்ளையும் யோசித்துத் தாமிரபரணி என்று சொல்லிவிடும்.

கருவி: கஹூட்டில் விரைவாகச் சொன்னால் மதிப்பெண் கூடும். சிக்னல் குறைந்த வீட்டுப் பிள்ளை அதில் பின்தங்கிவிடும். எனவே கூகுள் ஃபார்மில் வினாடி வினா அமைப்பைப் போட்டு, சுற்றுக்கு 5 நிமிடம் கொடுப்பதே நியாயம். விடையைத் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். ‘உமறுப்புலவர்’, ‘உமறுப் புலவர்’ இரண்டும் சரிதான். ஆனால் பதிவு செய்ததை மட்டுமே ஃபார்ம் சரியென்று எடுக்கும். நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முடித்தவுடன் சரியான விடையையும் தவறிய கேள்வியையும் காட்டும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதலில் முடித்தவர் மற்றவர்களுக்குச் சொல்லிவிடலாம்.

கூகுளில் தேடிவிடுவார்களே என்று கேட்கலாம். குறைந்த நேரம் ஓரளவு தடுக்கும். மீதி அமானிதம். அதைப் பிள்ளைகளிடம் தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

பெண்களின் பாதுகாப்பு: வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும். இணைப்பைத் தனித்தனியாக அனுப்புங்கள். சொந்தப் பெயருக்குப் பதில் அணிப் பெயர் போதும். கேமராவைத் திறக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம்.

பரிசு: கலந்துகொள்வோரிடம் பணம் வாங்கி, அதையே வென்றவருக்குக் கொடுத்தால் சூதின் சாயல் வந்துவிடும். வசதியுள்ள ஒருவர் அன்பளிப்பாகத் தரட்டும். ஜகாத், ஃபித்ரா நிதிக்கு உரியவர்கள் வேறு. அதைப் பரிசுக்குத் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் நம் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவில் மதிப்பெண்ணை வாசிக்கும்போது முதல் மூன்று இடங்களை மட்டும் சொல்லுங்கள். கடைசி இடம் யாருக்கென்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை அடுத்த மாதமும் வர வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் இரண்டு வரி விளக்கம் சொல்லுங்கள். தோற்றவர்களும் ஏதாவது கற்றுக்கொண்டு எழுந்து போகட்டும்.

முதலில் நான்கு குடும்பங்களோடு தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.