எறும்பு மொய்க்கும்வரை காத்திருக்கலாமா? சர்க்கரைப் பரிசோதனை கடந்து வந்த பாதை

"சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கவில்லை, அதனால் எனக்குச் சர்க்கரை இல்லை" என்று விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் இன்றும் சொல்வதுண்டு. ஒரு காலத்தில் மருத்துவர்களும் இப்படித்தான் நோயைக் கண்டறிந்தார்கள். ஆனால் இன்று இதை நம்பியிருப்பது ஆபத்து. பரிசோதனையின் வரலாற்றைப் பார்த்தால் காரணம் புரியும்.

நாக்கால் சோதித்த காலம்

நம் நாட்டின் பழைய மருத்துவ நூல்கள் இந்நோயை 'மதுமேகம்', அதாவது தேன் போன்ற சிறுநீர் என்றன. மருத்துவ மேதை இப்னு சீனாவும் (980-1037) நோயாளியின் சிறுநீர் இனிப்பாக இருப்பதைத் தம் 'அல்-கானூன்' நூலில் எழுதினார். 1674-இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் அதன் இனிப்பைப் பதிவு செய்தார். 1776-இல் மேத்யூ டாப்சன் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, மிஞ்சுவது சர்க்கரைதான் என்று காட்டினார்.

நீலம் சிவப்பான காலம்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெனடிக்ட் கரைசல் வந்தது. நீல நிறக் கரைசலில் சில சொட்டு சிறுநீர் விட்டுச் சூடாக்கினால், சர்க்கரையின் அளவுக்கு ஏற்ப பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நிறம் மாறும். 1956-இல், சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் காகிதப் பட்டை வந்தது.

எறும்பு, நாக்கு, கரைசல், பட்டை எல்லாவற்றுக்கும் ஒரே குறைதான். இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். அதற்குக் கீழே 130, 150 என்று இருந்தால் சிறுநீரில் எதுவும் தெரியாது. கண், சிறுநீரகம், கால் நரம்புகள் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும்.

இரத்தத்தைப் பார்க்கும் காலம்

இதனால் சோதனை இரத்தத்துக்கு மாறியது. விரல் நுனி இரத்தத்தில் சோதிக்கும் பட்டை 1960-களிலும், அதை அளந்து சொல்லும் கருவி 1970-இலும் வந்தன. 1968-இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர், சர்க்கரை நோயாளிகளின் இரத்தத்தில் மாறுபட்ட ஹீமோகுளோபின் இருப்பதைக் கண்டார். இன்றைய ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு அதுவே அடித்தளம். சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்வதால், சுமார் மூன்று மாதச் சராசரியை இது காட்டிவிடுகிறது. சோதனைக்கு முந்தின நாள் மட்டும் இனிப்பைத் தவிர்த்து இதை ஏமாற்ற முடியாது!

தமிழகத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1948-இல் மருத்துவர் எம்.விஸ்வநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். சென்னை மருத்துவர் வி.சேஷய்யா, கர்ப்பிணிகளுக்கு எளிய சோதனை முறையைக் கொண்டுவந்தார். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் தொலைதூரம் பேருந்தில் வர வேண்டிய கிராமத்துப் பெண்களுக்கு இது பெரிய உதவி.

நாம் செய்ய வேண்டியது

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், இல்லையெனில் ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு சோதனையால் உறுதி செய்வார்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் எச்சரிக்கைக் கட்டம். உணவு, நடை, எடைக் குறைப்பால் இந்தக் கட்டத்தில் நோயைத் தள்ளிப்போடலாம், பலருக்குத் தடுக்கவும் முடியும்.

30 வயதைக் கடந்தவர்களும், அத்தாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருப்பவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திண்டிவனம் அரசு மருத்துவமனை, ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று எதுவும் தூரமில்லை.

ரமளானில் ஒரு விஷயம். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் பலரின் கருத்து. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை அது. நோன்பு வருவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, மாத்திரை நேரங்களைக் கேட்டுக்கொள்வோம்.